கண்ணாடிக்காரர் வாங்கிய எட்டு உதை

கண்ணாடிக்காரருக்கு இன்றைக்கு இரண்டு கண்ணும் இருக்கிறது என்றால், அதற்குக் காரணம் ஒரு ரொட்டி மாஸ்டர் அவருடைய இடது தொடையில் விட்ட எட்டு உதை. இதை அவரே சொல்லுவார். கேட்டாலும் சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார். ஆனால் அந்த உதைகளின் அருமை தெரிய வேண்டுமானால், வாங்கிய ஆள் எப்பேர்ப்பட்டவர் என்பது முதலில் தெரிய வேண்டும்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு, பதிமூன்று வயதில் ஒரு கண்ணாடிக் கடையில் உடைசல் கூட்டுகிற வேலைக்குப் போனவர் அவர். முதலாளி ஒரு துடைப்பமும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் கொடுத்தார். கண்ணாடி கீறுகிற கட்டரை எப்படிப் பிடிப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. முதலாளி சாப்பிடப் போகிற நேரத்தில், கூட்டி வைத்த உடைசலிலேயே கீறிக் கீறிப் பழகிக்கொண்டார். இன்றைக்கு அதே தெருவில் சொந்தக் கடை, நான்கு வெட்டு மேசை, ஆறு ஆட்கள். விரல் நகத்தால் ஒரு தட்டுத் தட்டி, நாலு எம்எம்மா ஐந்து எம்எம்மா என்று சொல்லிவிடுவார். நாடாவைத் தொடாமல் ஒரு ஜன்னலைப் பார்த்து, “இருபத்தெட்டரைக்கு முப்பத்தொண்ணு” என்பார். அளந்து பார்த்தால் அரை நூல் பிசகாது. பெரிய படிப்புப் படித்தவனுக்கு இது வருமா என்று கேட்பார். வரும் என்று யாராவது சொல்லிவிட்டால், அந்த ஆள் அன்றைக்கு வீட்டுக்குப் போக முடியாது.

“எனக்கு ஒருத்தனும் கை கொடுக்கல. நானா எழுந்தேன், நானா நின்னேன்” என்பது ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அவர் வாயில் வரும்.

“அப்ப நான் இருபத்தாறு வருஷமா கொடுத்தது என்ன, காலா?” என்பார் அவர் மனைவி, சமையலறையிலிருந்தே.

அவருக்கு இன்னொரு பெருமை குத்துச்சண்டை. டயர் கிடங்கின் மாடியில் ஒரு கூடம் உண்டு. நாலு மூலையிலும் கயிறு கட்டிய மேடை, தொங்குகிற இரண்டு மூட்டை, எவ்வளவு ஜன்னல் திறந்தாலும் போகாத ரப்பர் வாடை. தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வாத்தியார் அதை நடத்திவந்தார். கடையைச் சாத்திவிட்டு வாரத்தில் மூன்று சாயங்காலம் அங்கே போவது கண்ணாடிக்காரரின் முப்பது வருஷப் பழக்கம். ஐம்பத்திரண்டு வயதிலும் மூன்று சுற்று மூச்சு வாங்காமல் நிற்பார். அந்தக் கூடத்தில் யார் எந்தத் தோளை அசைத்தால் எந்தக் கை வரும் என்பது அவருக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டே தடுப்பேன் என்பார். பாதி உண்மை அப்போதே அதில் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு லாரி டிரைவரோடு ஆடும்போது, அவனுடைய கையுறையின் கட்டைவிரல் பக்கம் கண்ணாடிக்காரரின் இடது கண்ணில் இடித்தது. கண் வீங்கி, கருத்து, பத்து நாளில் வடிந்துவிட்டது. வடிந்ததும் மறந்துவிட்டார். அதற்குப் பிறகு சின்னச் சின்னதாகச் சில நடந்தன. மேசையிலிருந்து தூக்கும்போது இரண்டு பெரிய கண்ணாடிகளின் இடது கீழ்மூலை தூணில் இடித்துச் சில்லு பெயர்ந்தது. தூணைத் தப்பான இடத்தில் கட்டிவிட்டான் என்று கொத்தனாரைத் திட்டினார், பதினோரு வருஷம் கழித்து. சாப்பிட உட்கார்ந்தால் இடது பக்கத்துத் தண்ணீர் டம்ளர் கை பட்டு உருண்டது. அதற்கு மனைவிக்குத் திட்டு. கடையில் வேலை பார்க்கும் மைத்துனன், மனைவியின் தம்பி, தரையில் வைத்த கட்டைகளில் அவர் கால் தடுக்கியது. அதற்கு அவனுக்குத் திட்டு. குற்றம் தன்னிடம் இருக்கலாம் என்பது மட்டும் அவர் மண்டையில் ஏறவில்லை. கண்ணாடி வெட்டுகிறவனுக்குக் கண்தான் முதல் கருவி. ஓரம் எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்பது இரண்டு கண்ணும் சேர்ந்து சொல்ல வேண்டிய சேதி. ஒரு கண் போனால் கடை போன மாதிரி. அப்படிப்பட்ட கருவி தனக்குள்ளேயே உரிந்துகொண்டிருந்தது, அவருக்குத் தெரியாமல்.

இந்தச் சமயத்தில்தான் ரொட்டி மாஸ்டர் வந்து சேர்ந்தார். நாற்பது வயசு இருக்கும். ஒல்லி. முழங்கை மடிப்பில் எந்நேரமும் கொஞ்சம் மாவு ஒட்டியிருக்கும். விடிவதற்கு முன்பே அடுப்படியில் நிற்கிறவர், சாயங்காலம் ஓய்வாக இருக்கிறது என்று கூடத்துக்கு வந்தார்.

“இவரு படிச்சது நம்ம வித்தை இல்ல,” என்றார் வாத்தியார். “கையும் உண்டு, காலும் உண்டு. ரெண்டு சுற்று ஆடிப் பாக்கணும்னு ஆசைப்படறாரு.”

கண்ணாடிக்காரர் கையுறையைக் கட்டிக்கொண்டே, “காலைத் தூக்கினா ஒத்தக்கால்லதான் நிக்கணும். ஒத்தக்கால்ல நிக்கிறவனைத் தள்ள எனக்கு ஒரு விரல் போதும்” என்றார்.

“அப்படியா அண்ணே. சரி, நான் பாத்து நிக்கிறேன்” என்றார் ரொட்டி மாஸ்டர். கிண்டலா, பணிவா என்று யாருக்கும் பிடிபடவில்லை.

மணி அடித்தது. ரொட்டி மாஸ்டர் கையைக் கன்னத்தருகே வைத்துக்கொண்டு, கோழி நடப்பதுபோல முன்காலை லேசாகத் தட்டித் தட்டி வந்தார். கண்ணாடிக்காரர் முப்பது வருஷமாகப் பார்த்து வந்தது தோள்களை. இந்த ஆளின் தோள் ஒன்றுமே பேசவில்லை. இடுப்பு மட்டும் ஒரு திருகு திருகியது. அடுத்த நொடி வலது தொடையில் உருட்டுக்கட்டையால் அடித்தமாதிரி ஒன்று விழுந்தது.

“மன்னிச்சுக்கங்கண்ணே” என்றார் ரொட்டி மாஸ்டர்.

இன்னொன்று அதே இடத்தில் விழுந்தது. மறுபடி ஒரு மன்னிப்பு. மூன்றாவது வரும்போது கண்ணாடிக்காரர் இடுப்பின் திருகலைப் படித்துவிட்டார். வலது காலைத் தூக்கி முழங்காலால் ஏந்தினார். ஏந்திய கையோடு ஒரு நேர்க்குத்து விட்டார். ரொட்டி மாஸ்டரின் மூக்கில் ரத்தம் எட்டிப் பார்த்தது. கூடம் கைதட்டியது. ஐம்பத்திரண்டு வயதில் கேள்விப்படாத ஒரு வித்தையை ஒரு நிமிஷத்தில் படித்துவிட்டார் மனிதர். அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

அப்புறம் ரொட்டி மாஸ்டர் பக்கத்தை மாற்றினார். இடது தொடையில் ஒன்று. இரண்டு. மூன்று. கண்ணாடிக்காரர் குத்துகளை வாரி இறைத்தார், பாதி பட்டது. ஆனால் ஒவ்வொரு சமயமும் கீழே இடது பக்கத்தில் எங்கிருந்தோ ஒன்று வந்து விழுந்துகொண்டேயிருந்தது.

“என்ன முதலாளி, கீழ்வீட்டை வாடகைக்கு விட்டுட்டீங்களா?” என்றான் லாரி டிரைவர், கயிற்றுக்கு வெளியே இருந்து.

“பூட்டே போடலப்பா” என்றான் இன்னொருவன்.

இடது பக்கத்தில் எட்டாவது உதை விழுந்ததும் கால் மடங்கி, கண்ணாடிக்காரர் ஒரு முட்டியை ஊன்றி உட்கார்ந்துவிட்டார். ரொட்டி மாஸ்டர் மேலே வரவில்லை. இரண்டடி பின்னால் போய், வாயிலிருந்து பல் காப்பை எடுத்தார்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும்.”

“சண்டைக்கு நடுவுல என்ன கேள்வி?”

“வலது பக்கம் ரெண்டு வாங்கினீங்க. மூணாவதுக்கு நான் இடுப்பைத் திருப்பும்போதே காலைத் தூக்கிட்டீங்க. அவ்வளவு சீக்கிரம் கத்துக்கிட்ட ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல.”

“அது அப்படித்தான்” என்றார் கண்ணாடிக்காரர், உட்கார்ந்தபடியே.

“அப்படிப்பட்டவரு இடது பக்கம் எட்டும் எப்படி வாங்குவீங்க? தடுக்கப் போய்த் தவறினா எனக்குத் தெரியும். உங்களுக்கு உதை வர்றதே தெரியல. பட்டப்புறம்தான் தெரியுது.”

கூடத்தில் சிரிப்பு நின்றுபோனது.

“என்னைக் குருடன்னு சொல்றியா?”

“சொல்லலண்ணே. கேக்கிறேன். எங்க வித்தையில ஒரு சட்டம் உண்டு. ஒரே இடத்துல மூணு தடவை பட்டும் எதிராளி அசையலன்னா நிறுத்தணும். நிறுத்தி, ஏன்னு கேக்கணும். நான் மூணோட நிறுத்தியிருக்கணும்.” ரொட்டி மாஸ்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “ஜெயிச்சிட்டிருந்தேன். அதான் நிறுத்தல. அதுக்கும் மன்னிச்சுக்கங்க.”

பிறகு, வலது கண்ணை மூடச் சொன்னார். தன் மூக்கை மட்டும் பார்க்கச் சொல்லி, கையைக் கீழிருந்து மெல்ல மேலே கொண்டுவந்தார். “கை தெரிஞ்சா சொல்லுங்கண்ணே.” கூடத்தில் இருந்த எல்லோரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரர் பார்க்கவில்லை. கை ரொட்டி மாஸ்டரின் தாடை உயரத்துக்கு வந்த பிறகுதான், “இதோ” என்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் சொல்லாமல் இருந்ததுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

நொண்டிக்கொண்டு வந்தவரைப் பார்த்து, “எங்க விழுந்தீங்க?” என்றார் மனைவி.

“விழல. எட்டு தடவை நின்னேன்” என்றார். கண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை.

மறுநாள் காலையில் கடைக்குப் போனதும் முதல் வேலையாக, ஓர் ஆள் உயர முகக்கண்ணாடியின் எதிரே போய் நின்றார். வேறு யார் பேச்சையும் நம்பாதவர், தன் கடைக் கண்ணாடியை நம்புவார். வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு தன் முகத்தைப் பார்த்தார். முகம் இருந்தது. கீழே இடது ஓரத்தில் சட்டையும் கையும் சாம்பல் பூசினதுபோல மங்கிக் கிடந்தன.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கண்ணைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். கண்ணாடிக்காரர் கண்ணாடியைச் சந்தேகப்பட்டார். பின்னால் பூசிய ரசம் போய்விட்டது என்று முடிவு கட்டி மைத்துனனைக் கூப்பிட்டார்.

“இந்தச் சரக்கை யார்கிட்ட எடுத்தே? மூலையில ரசம் உரிஞ்சு கிடக்கு. அடுத்ததைக் கொண்டா.”

மைத்துனன் அடுத்ததைக் கொண்டுவந்து சாத்தினான். அதிலும் அதே மூலை மங்கலாக இருந்தது. “இதுவும் அதே லாட்டா? இன்னொண்ணு எடு.” மூன்றாவதும் வந்தது. சுவரில் வரிசையாகச் சாய்ந்து நின்ற மூன்றிலும் மூன்று கண்ணாடிக்காரர்கள், மூன்று பேருக்கும் இடது கை இல்லை.

மைத்துனன் மூன்றையும் விரலால் தடவிப் பார்த்தான். குனிந்து பின்பக்கம் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

“மாமா, கோவிச்சுக்காதீங்க. மூணும் மூணு கம்பெனி. மூணுலயும் ஒரே இடத்துல எப்படி ரசம் போகும்?”

கண்ணாடிக்காரர் கையை எடுத்தார். மறுபடியும் பொத்தினார். அவனை அவர் திட்டவில்லை. அது ஒன்றே போதும், மைத்துனன் பயந்துபோய் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டான்.

கண் ஆஸ்பத்திரியில் ஓர் அம்மா டாக்டர். சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்காரவைத்து, விளக்கைக் கண்ணுக்குள் பாய்ச்சி வெகுநேரம் பார்த்தார்.

“எப்பலேர்ந்து சரியா தெரியல?”

“தெரியுதே” என்றார் கண்ணாடிக்காரர்.

“நாலு மாசமா டம்ளரை உருட்டறாரு டாக்டர். கேட்டா நான் வச்ச இடம் சரியில்லன்னு சொல்லுவாரு” என்றார் மனைவி.

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு சொன்னார். “கண்ணுக்குள்ள பின்சுவர்ல மெல்லிசா ஒரு திரை ஒட்டியிருக்கும். படம் அதுலதான் விழும். அடிபட்டு, உங்களுக்கு அது மேல் ஓரத்துல கிழிஞ்சிருக்கு. அங்கிருந்து உரிஞ்சுக்கிட்டே வருது.”

“மேல கிழிஞ்சா கீழ ஏன் தெரியல?”

“உள்ளே படம் தலைகீழா விழும். அதான்.”

கண்ணாடிக்காரர் யோசித்தார். “ரசம் உரியற மாதிரி.”

“அதேதான். நடுவுல இருக்கிறது இன்னும் ஒட்டிட்டிருக்கு. அதுவும் உரிஞ்சிட்டா, அப்புறம் ஒட்டவச்சாலும் பழைய பார்வை வராது. இன்னைக்கே படுத்துக்கங்க, நாளைக்குக் காலையில ஆபரேஷன். ரெண்டு வாரம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா நான் இப்படிப் பேசியிருக்க மாட்டேன்.” எழுதிக்கொண்டே கேட்டார், “எந்த டாக்டர் பாத்து அனுப்பினது?”

“டாக்டர் இல்லம்மா. ரொட்டிக்கடைக்காரர்” என்றார் கண்ணாடிக்காரர்.

டாக்டர் பேனாவை நிறுத்தினார். “எதை வச்சுக் கண்டுபிடிச்சாரு?”

“காலை வச்சு.”

ஒரு ராத்திரியும் அடுத்த நாள் காலையும் அவர் அந்தக் கட்டிலில் கிடந்தார். பேசாமல் கிடந்து பழக்கமில்லாத மனிதர். நர்ஸிடம் அந்த அறை ஜன்னலின் கண்ணாடி எத்தனை எம்எம் என்று சொன்னார். நர்ஸ் ஆர்வம் காட்டவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு தன் கதையை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார். ஒருத்தனும் கை கொடுக்கல. அந்த இடத்தில் கொக்கி போட்டு மாட்டிக்கொண்டது. பதிமூன்று வயதில் அந்த முதலாளி ரப்பர் செருப்புக் கொடுத்திருக்காவிட்டால் முதல் வாரமே காலைக் கிழித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார். முதலாளி தினமும் ஒரு மணி நேரம் சாப்பிட்டாரே, கட்டரை மேசைமேலேயே விட்டுவிட்டு, அது மறதியா? பூட்டிவைக்கிற அலமாரி இருந்த கடைதானே அது. முப்பத்தொன்பது வருஷம் கழித்து இப்போதுதான் அது உறைத்தது. பக்கத்தில் முக்காலியில் மனைவி உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. என்ன சொல்வது என்று தெரியாததால், காலடியில் கிடந்த போர்வையை இழுத்து அவர் மடியில் போட்டார்.

ஆபரேஷனில் கண்ணைச் சுற்றி ஒரு மெல்லிய பட்டை கட்டினார்கள், பீப்பாய்க்கு வளையம் போடுகிற மாதிரி. கிழிந்த ஓரம் ஒட்டிக்கொண்டது. ஆறு வாரத்தில் பார்வை கீழ்நோக்கி விரல் விரலாகத் திரும்பி வந்தது. அடிமட்டத்தில் மட்டும் கொஞ்சம் புகை நின்றது; அது இருக்கட்டும் என்றார் டாக்டர். இனி மேடையில் ஏறக் கூடாது என்றும் சொன்னார். முப்பது வருஷப் பைத்தியம் ஒரு வாக்கியத்தில் முடிந்தது. கண்ணாடிக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை. வாழ்நாளில் அவர் ஒருவர் சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டது அன்றைக்குத்தான் என்று மைத்துனன் இன்றும் சொல்கிறான்.

கடைக்குத் திரும்புவதற்கு முதல் நாள் காலை, மனைவியைக் கூட்டிக்கொண்டு ரொட்டிக்கடைக்குப் போனார். ரொட்டி மாஸ்டர் நீளக் கட்டையால் அடுப்பிலிருந்து தட்டுகளை இழுத்துக்கொண்டிருந்தார். முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கண்ணாடிக்காரர் வரிசையில் நிற்கவில்லை. அது அவருக்கு வராது. நேரே போய்ப் பலகைக்கு முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

“இவரு என்னை எட்டு தடவை உதைச்சாரு.”

வரிசையில் நின்றவர்கள் ஓரடி விலகினார்கள்.

“மூக்கை நான் உடைச்சேன், அது வேற கணக்கு. அண்ணன் தம்பி கூட என்னை இவ்வளவு கவனமா பார்த்ததில்ல. இந்த ஊர்ல இவரை மாதிரி உதைக்கிற ஆள் கிடையாது, நல்லா கேட்டுக்கங்க.”

“அண்ணே, விடுங்கண்ணே,” என்றார் ரொட்டி மாஸ்டர், முகம் அடுப்பைவிடச் சிவந்துபோய். “கண் எப்படியிருக்கு?”

“ஒட்டிக்கிச்சு.” மேலே சொல்ல வேண்டியது அவருக்குப் பழக்கமில்லாத சரக்கு. “நிறுத்தினியே. அதுக்குத்தான் வந்தேன்.”

“மூணோட நிறுத்தியிருக்கணும்ணே. அன்னைக்கே சொன்னேன். மனசு உறுத்திக்கிட்டேதான் இருக்கு.”

“மூணோட நிறுத்தியிருந்தா நான் நம்பியிருப்பேனா? ஏதோ மூணு தடவை அசந்துட்டேன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். எனக்கு எட்டு வேணும். எட்டுக்குக் குறைஞ்சு எதுவும் என் மண்டையில ஏறாது. இவளைக் கேளு.”

“எட்டே கம்மிதான்” என்றார் மனைவி.

வரிசை சிரித்தது. ரொட்டி மாஸ்டரும் சிரித்துவிட்டு, தட்டிலிருந்து ஒரு ரொட்டியைத் தாளில் சுற்றி நீட்டினார். கண்ணாடிக்காரர் கையைக் கூப்பினார். அவர் யாருக்கும் கை கூப்பி மனைவி பார்த்ததில்லை. கூப்பிய கையாலேயே ரொட்டியை வாங்கிக்கொண்டார்.

வாசலில் வெயில் விழுந்திருந்தது. ரொட்டியைப் பிய்த்ததும் ஆவி பறந்தது. மனைவி வந்து இடது பக்கத்தில் நின்று, சத்தமில்லாமல் கையை இடுப்பளவில் நீட்டினார். கண்ணாடிக்காரர் தலையைத் திருப்பவில்லை. தெருவைப் பார்த்தபடியே, முதல் துண்டை அந்தக் கையில் சரியாக வைத்தார்.